ஆறு மில்லிமீட்டர்

பதூமியில் மழை நின்றால் அது செய்தி.
அன்று செய்தி இல்லை.
குடையை மடக்காமலே உள்ளே வந்தவள்
தினாத்தின் என்று பெயர் சொன்னாள்,
எந்தச் சிவப்பானாலும் சரி என்றாள்.

பழைய பூச்சை அசிட்டோனால் துடைத்தேன்.
கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல்.
நிறுத்திவிட்டு மறுபடி கட்டைவிரலுக்குப் போனேன்.
பத்து நகத்திலும் குறுக்காக ஒரு பள்ளம்,
யாரோ ஒரே மூச்சில் கோடிழுத்த மாதிரி.

நகம் செத்த பொருள் என்றுதான் பயிற்சிப் பள்ளியில் படித்தேன்.
வேர் மட்டும் தோலுக்கடியில் வேலை பார்க்கிறது,
மாதம் மூன்று மில்லிமீட்டர்,
ஞாயிறு விடுமுறைகூட இல்லாமல்.
அது கைவிட்ட நாட்கள்தான் பள்ளம்.
அடியிலிருந்து அளந்தேன்: ஆறு.
"பிப்ரவரியில் கடும் காய்ச்சலா?"
"இல்லையே. தும்மல்கூட இல்லை."

ஆனால் என் கையிலிருந்த அவள் கை நனைந்தது.
ஹீட்டர் கெட்டுப்போன கடை, ஏப்ரல் குளிர்,
நான் சட்டைமேல் சட்டை போட்டிருக்கிறேன்.
உள்ளங்கைச் சுரப்பிகளுக்கு வெயில் ஒரு பொருட்டில்லை,
அவை வேறெதற்கோ காது கொடுத்துக்கொண்டிருக்கின்றன.
முன்கை மயிர் ஒவ்வொன்றும்
அதனதன் குழியில் எழுந்து நின்றது.
முகம் மட்டும்
விலைப்பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தது.

துண்டை நீட்டினேன். துடைத்தாள். மறுபடி நனைந்தது.

பிறகு, ஜெல் விளக்கின் நீலத்தைப் பார்த்தபடி:
துறைமுக அலுவலகத்தில் ஒன்பது நாள்.
இழுவைப் படகு. நான்கு பேர். மூன்று பேர் கிடைத்தார்கள்.
ஒன்பதாம் நாள் வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவினாளாம்.
அழவில்லையாம். மாமியார் அதைத் தெருவெல்லாம் சொன்னாளாம்.
"நகமும் சதையுமா இருந்தோம்னு பொய் சொல்ல மாட்டேன்.
சண்டைதான் ஜாஸ்தி."

நகமும் சதையும் எங்கே பிரியும் என்பது என் தொழில்.
ஒன்றும் சொல்லவில்லை.

அரத்தை எடுத்தேன். ராவிச் சமன் செய்துவிடலாம்,
மேலே இரண்டு பூச்சு, யாருக்கும் தெரியாது.
கையை இழுத்துக்கொண்டாள்.
"எவ்வளவு நாள் இருக்கும்?"
"ஜூலை வரை. கட்டைவிரலில் இன்னும் கொஞ்சம்."
"அப்புறம்?"
"நுனிக்கு வந்துவிடும். வெட்டிவிடுவேன்."

நிறமில்லாத பூச்சு கேட்டாள்.
சிவப்புக்குரிய காசையே வைத்தாள்.
பதிவேட்டைத் திருப்பி எழுதினேன்:
ஜூலை பதினொன்று, மாலை நான்கு, தினாத்தின்.
என்ன வேலை என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.

மேசைக் கண்ணாடியில் அவள் கை வைத்திருந்த இடம்,
ஐந்து விரல் ஈரம்.
துடைப்பதற்குள் அடுத்த ஆள் வந்துவிட்டார்:
கால் நகம், பூஞ்சை, முக்கால் மணி நேரம்.