கறை பார்ப்பவள்

செவ்வாய்தோறும் வரும் அந்த மேலங்கி,
தோ பாயோவில் கீழ்த்தளத்துச் சலவைக் கடைக்கு.
சீட்டில் பெயர் இருக்காது, எண் மட்டும்.
மிஸ்டர் சுவா கையுறை போட்டுத்தான் வாங்குவார்,
உடனே என் பக்கம் தள்ளிவிடுவார்.
கறை பார்ப்பவள் நான்.

முதல் ஆண்டில் புகை, கடலுப்பு, டீசல்.
ஜூரோங் தீவில் எண்ணெய்த் தொட்டி எரிந்த வாரம்
தோள் மடிப்பில் ஏதோ ஒரு குழந்தை
பால் கக்கியிருந்தது.
அதைத் துவைக்கையில் அழுதேன், சந்தோஷமாக.
அப்போது தீவே அண்ணாந்து நடந்தது.
பிள்ளைகள் கழுத்தில் துண்டு கட்டி
பேருந்து நிறுத்த இருக்கையிலிருந்து குதித்தார்கள்.

பிறகு கறை குறைந்தது.
விழுகிறவர்களைப் பிடித்தவன்
விழக்கூடியவர்களைப் பிடிக்கத் தொடங்கியிருந்தான்.
எல்லார் நெஞ்சும் அவனுக்குக் கேட்கும்.
துடிப்பு தப்பினால் சன்னலில் நிழல் விழும்.

பழகிக்கொண்டோம்.
கோப்பி-ஓ குடிப்பதைச் சிலர் விட்டார்கள்.
காதலர்கள் கால்மணி நேரம் முன்பே வந்து
தனித்தனி பெஞ்சில் மூச்சைச் சமன்செய்தார்கள்.
குற்றம் பூஜ்யம் என்றது செய்தி,
மாதா மாதம்.

என் தம்பி கோமகன் மின்தூக்கி பழுதுபார்ப்பவன்.
ஓர் இரவு பதினாறாம் மாடிக் கூரையில் நின்று
"இறங்கி வாடா, ஒருநாள் படியேறிப் பாரு" என்றானாம்.
வியாழன் வேலைக்குப் போனான்.
வெள்ளி. சனி. ஞாயிறு.

சின்ன வயதில் நாங்கள் சேர்ந்து படித்த படக்கதைகளில்
கடைசிக் கட்டத்தில் அவன் பறப்பான்,
கீழே 'தொடரும்' என்றிருக்கும்.
கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே
அந்த வெள்ளை இடுக்கில் என்ன நடக்கிறதென்று
கோமகன்தான் கேட்பான். நான் பக்கத்தைத் திருப்பிவிடுவேன்.

செவ்வாய் வந்தது மேலங்கி.
சுத்தம். இஸ்திரி மடிப்புகூடக் கலையவில்லை.
உள்தையலில் சிக்கியிருந்தது ஒரு பொத்தான்:
நீலம், நான்கு துளை,
வெள்ளை நூல், அதன்மேல் ஒரு சுற்று கறுப்பு.
கறுப்பு நான் தைத்தது.
அன்று வீட்டில் வெள்ளை தீர்ந்துபோயிருந்தது.

நெஞ்சே, ஒன்றாம் மாடி.
ஐந்து. ஒன்பது. பன்னிரண்டு.
கதவு திறக்கிறது, யாருமில்லை, மூடு, இறங்கு.
உள்ளே மாட்டிக்கொண்டால் பதறாதே அக்கா,
காற்று வந்துகொண்டுதான் இருக்கும் என்பான்.

மாலையில் அவனே வந்தான் வாங்க.
கதவு மணி அசையவில்லை.
"நன்றி அக்கா," தமிழில்தான் சொன்னான்.
"உங்கள் துடிப்பு ரொம்ப மெதுவாக இருக்கிறதே?"
வயசாகுது என்றேன்,
வாயை அதிகம் திறக்காமல்.
எட்டு வெள்ளி ஐம்பது காசு.
பத்து வெள்ளித் தாள் தந்தான்,
மீதியை எண்ணி அவன் உள்ளங்கையில் வைத்தேன்.
கை சூடாக இருந்தது, மனிதக் கைபோலவே.

கார் நிறுத்துமிடத்துக்கு மேலே எழும்பினான்.
காய்கறிப் பையோடு கடந்தவர்கள்
தரையைப் பார்த்தே நடந்தார்கள்.
மிஸ்டர் சுவா விளக்கை அணைத்தார்.

நாக்கினடியில் பொத்தான்.
நூல் ஊறி உப்புக் கரிக்கிறது.
பன்னிரண்டு.
ஒன்பது.
ஐந்து.