கால்

பதினான்காம் எண் அறை காலி.
அதன் கண்ணாடிக்கு முன்னால் நின்று
மூன்று நாளாக என்னை நானே கேட்கிறேன்:
உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்.

என் பெயர் கோட்டீஸ்வரி. ஊர் கணியம்பாடி.
பாபுராவ் தெரு லாட்ஜில் ஏழு வருஷமாகச்
சாவி கொடுக்கிறேன், சாவி வாங்குகிறேன்.
இதற்கு மேல் ஒரு வரி வரவில்லை.
யாரோ ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டு
கண்ணாடியில் என் நெற்றிக்கு நேராக வர
கொஞ்சம் குனிய வேண்டியிருக்கிறது.

ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்கிறார்கள்,
வங்காளம் பேசத் தெரிந்த ஆள்.
எனக்குத் தெரிந்த வங்காளம்
வெந்நீர் பக்கெட், கொசுவத்தி, இரண்டு நாள் வாடகை பாக்கி,
காட்பாடிக்கு ஆட்டோ,
அப்புறம், ராத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து
போனில் அழுகிறவர்கள்
திரும்பத் திரும்பச் சொல்கிற நாலைந்து சொற்கள்.
ஜெராக்ஸ் எடுத்து வைக்க அதில் ஒன்றுமில்லை.

ஒன்பதாம் அறை மௌசுமி,
அப்பாவின் பயாப்சி முடிவுக்குக் காத்திருந்தவள்,
காத்திருந்த நேரத்தை என் மேல் செலவழித்தாள்.
வாய்க்கு முன்னால் உள்ளங்கையை வைத்து
'பாத்' என்று சொல்லச் சொன்னாள். சோறு.
மூச்சு வந்து கையில் இடிக்க வேண்டுமாம்.
என் சோறு இடிக்கவில்லை.
சிரித்துவிட்டாள்.
மால்டாவிலிருந்து வந்து இறங்கிய பிறகு
அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.
இன்னும் இரண்டு முறை வேண்டுமென்றே தப்பாகச் சொன்னேன்.

சம்பளம் கேட்டால் பதினெட்டு என்று சொல்,
கண்ணைத் தாழ்த்தாதே என்றாள்.
பதினெட்டு, பதினெட்டு என்று
தங்கையின் மாம்பழக் கலர் புடவையைத்
தேய்த்து முடித்தேன்.

பத்து மணிக்கே வெயில் ஆளைத் தின்றது.
பெஞ்சில் பதினோரு பேர்.
ஒருத்தர் எம்.ஏ.வாம்.
ஒருத்தி கொல்கத்தாவிலேயே படித்தவளாம்,
அவள் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
நான் போட்டிருந்தது பேரணாம்பட்டுச் செருப்பு,
புதுசு, குதிகாலைக் கடித்தது.

உள்ளே மூன்று பேர்.
"லாட்ஜுலயா கத்துக்கிட்டீங்க?" என்றவர்
என் காகிதங்களை ஏற்கெனவே மூடிவிட்டிருந்தார்.
நடுவில் இருந்த டாக்டரம்மா ஒரு துண்டுச் சீட்டைப் பார்த்து
தட்டுத் தடுமாறி வாசித்தார்:
கால் தேக்கே பேத்தா.
"ஒரு நோயாளி இப்படிச் சொல்றார். என்ன அர்த்தம்?"

நேத்துலேர்ந்து வலிக்குது, டாக்டர்.
கால்னா நேத்து. நாளைக்கும் அதேதான்.
காலுக்கு அவங்க 'பா' என்பாங்க.
வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு தாத்தா
கால், கால்னு கெஞ்சினார்.
நான் தைலம் எடுத்துக் கொடுத்தேன்.
பாவம், தேய்க்கவும் தேய்ச்சுக்கிட்டார்.
நாளைக்கு ரூம் காலி பண்றேன்னு சொல்லத்தான் வந்திருக்கார்.

மூவரும் சிரித்தார்கள். நான் நிறுத்தவில்லை.
இவரும் எங்க வலின்னு இன்னும் சொல்லலை, டாக்டர்.
அதைக் கேக்கணும்.

டாக்டரம்மா சீட்டைத் திருப்பிப் பார்த்தார்,
பின்பக்கம் ஏதோ எழுதியிருப்பதுபோல.

எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?
பதினாறு, என்றது என் வாய்.
அந்த இரண்டாயிரம்
மேஜைக்கடியில் இன்னும் கிடக்கும்.

ஆறாம் நாள்.
ஒன்பதாம் அறை முந்தின நாளே காலி.
லெட்ஜரில் என் கையெழுத்து:
போகும் இடம் மால்டா.
முடிவு என்ன வந்தது என்று நான் கேட்கவில்லை.
கேட்கணும் என்று அங்கே சொல்லிவிட்டு வந்தவள்
இங்கே சில்லறை எண்ணிக் கொடுத்தேன்.

அந்தப் பக்கத்தைத் திருப்பும்போது போன்.
"கோட்டீஸ்வரிங்களா? செலக்ட் ஆயிட்டீங்க.
நாளைக்கே வந்து சேர்ந்துடறீங்களா?"

கால்? என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

"கால்ல என்னம்மா, அடி கிடி பட்டுச்சா?"

இல்ல சார். வந்துடறேன்.

கவுன்ட்டரில் ஒரு குடும்பம், எட்டுப் பைகள்,
கையில் ஸ்கேன் கவரோடு ஒரு பையன்.
பதினான்காம் எண் சாவியை எடுத்துக் கொடுத்தேன்.
எங்க வலிக்குது என்று அவனிடம்
வங்காளத்தில் கேட்டேன்.