காலணிக் கணக்கு

கட்டுரையில் அதற்குப் பெயர் 'க' நகரம்.
ஷாங்காயிலிருந்து வேகரயிலில் நாலு மணி நேரம்.
இறங்கியதும் பசை வாடை,
தெருவுக்கு நாலு ஷூ பட்டறை.

ஆறாவது மாடி. லிப்ட் கிடையாது.
கதவின் மேல் புத்தாண்டுச் சிவப்புத் தாள்.
பக்கத்து வீட்டில் 'செல்வம் பெருகுக'
என்றிருக்கும் இடத்தில்
இங்கே 'இம்மானுவேல்'.

எத்தனை பேர் வருகிறார்கள் என்று
வாய்விட்டுக் கேட்க முடியாது.
பயந்தவர் குறைத்துச் சொல்வார்,
பக்தி முற்றியவர் கூட்டிச் சொல்வார்.
ஆகவே வாசலில் குனிந்து
கழற்றிப்போட்ட ஜோடிகளை எண்ணினேன்.
மார்ச் இரண்டாம் ஞாயிறு, முப்பத்தொன்று.
அடுத்தது மழை. இருபத்தெட்டு.
அதற்கடுத்து
முப்பத்து நாலரை.

அரை என்பது
சுவரோரம் தனியே நின்ற
பழுப்பு நிற இடதுகால் ஷூ.

ஷியாங் கைமூ, வயது ஐம்பத்தாறு.
வலதுகாலைத் தோல் ஏற்றிவந்த லாரி எடுத்துக்கொண்டது.
அதே பட்டறையில்தான் இன்னும் வேலை:
நாளுக்கு இருநூறு ஜோடிக்கு அடி ஒட்டுகிறார்,
இரண்டு காலுக்கும்.

இங்கே வரத் தொடங்கியதன் காரணம்?
நோய், துயரம், குடும்ப வழக்கம், தனிமை, பிற.
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.
"ஆஸ்பத்திரியில் எதிர்க்கட்டில்காரனுக்கு
அவன் அக்கா சூப் கொண்டுவருவாள்.
எனக்கும் ஒரு கிண்ணம் ஊற்றுவாள்.
பதினெட்டு நாள்.
இது எந்தக் கட்டத்தில் வரும்?"
'பிற' என்று குறித்தேன்.

"என் பெயரைப் போடுவீர்கள்தானே?"
மாற்றிவிடுவோம், உங்கள் பாதுகாப்புக்காக, என்றேன்.
"ஞானஸ்நானத்தில்கூட மாற்றவில்லையே"
என்று சிரித்தார்.
ஷியாங் கைமூ என்பது நான் இட்ட பெயர்.

எட்டு மாதம் கழித்து
மதிப்பீட்டாளர் கேட்டிருந்தார்:
'அட்டவணை இரண்டில் 34.5 என்பது அச்சுப்பிழையா?'
ஆமாம் என்று எழுதி
முப்பத்தைந்து ஆக்கினேன்.

அன்று கிளம்பும்போது அவர் என் காலைப் பார்த்து
"வாயைப் பிளக்கப் போகிறது, கழற்றுங்கள்" என்றார்.
சட்டைப்பையிலிருந்து பசைக்குழாய் வந்தது.
அழுத்திப் பிடித்தபடியே
"இது எங்கள் பட்டறை உருப்படி இல்லை" என்றார்,
கொஞ்சம் இளக்காரமாக.
கல் தரையில் ஒற்றைக் காலுறையோடு
கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு நின்றேன்.

அந்த வரிசையில் என் ஜோடியை
எண்ணினேனா விட்டேனா,
குறிப்பேட்டில் இல்லை.
வலதுகால் அடி
இன்னும் விடவில்லை.