முட்டைக் கணக்கு

சதாம் வீதியில் மூன்றாம் மாடி.
கப்பல்களுக்குக் கறிசாமான் அனுப்பும் கந்தோர்.
முதலாளி மர்சூக். கணக்கு எழுதுகிறவள் நான்.
கொடிகளின் பெயரை நாங்கள் எழுதுவதில்லை,
எந்தத் துறையில் கட்டியிருக்கிறதோ அதுதான் பெயர்.
ஆறாம் துறை. ஒன்பதாம் துறை.
இடையில் மண்ணிறத் தண்ணீர்,
அதில் நாலைந்து குரும்பைகள், ஒற்றைச் செருப்பு.

முதல் தடவை ஆறு கேட்டது:
லீக்ஸ் இருநூறு கிலோ, அன்னாசி, ஆறாயிரம் முட்டை.
நல்லெண்ண வருகை என்றார்கள்.
வாத்தியக்குழு வெயிலில் நின்று
வியர்த்து வியர்த்து ஊதியது.

மறுநாள் ஒன்பதிலிருந்து ஒரு லெப்டினன்ட் வந்தான்.
சிரித்த முகம். மேசையில் ஒரு பேனாவை வைத்தான், அன்பளிப்பு.
"அவர்கள் எத்தனை முட்டை?"
சமையலுக்குக் கேட்கிறான் என்றுதான் நினைத்தேன்.
முட்டையை வைத்து ஆட்களை எண்ணலாம்,
ஆட்களை வைத்து நாட்களை,
நாட்களை வைத்து எவ்வளவு தூரம் போவார்கள் என்பதை.
பிறகுதான் விளங்கியது.
மர்சூக் இருமினார். நான் சொல்லவில்லை.
சொல்லாததையும் அவன்
ஓர் எண்ணாகக் குறித்துக்கொண்டான்.
எண்ணாயிரம் கேட்டான்.

அடுத்த மாதம் ஆறு, பத்தாயிரம்.
ஏன் என்றால் ஒன்பதைக் காட்டியது.
ஒன்பதைக் கேட்டால் ஆறைக் காட்டியது.
இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.
எனக்கு அதுதான் பயம்.

குளியாப்பிட்டியில் புதிதாக இரண்டு கோழிப்பண்ணை.
மர்சூக்கின் மகளுக்குத் தெஹிவளையில் வீடு.
கொட்டாஞ்சேனை அடகுக்கடையிலிருந்து
என் சங்கிலியும் கழுத்துக்குத் திரும்பியது.
(இதை எழுதாமல் விட்டால் கணக்குப் பிழைக்கும்.)

படகு ஓட்டும் துவான் சஹீட் பகிடியாகச் சொன்னான்:
"புறக்கோட்டைப் பெயர்ப்பலகை மாதிரி, மிஸ்.
இவன் ஓரடி நீட்டுவான், எதிர்க்கடைக்காரன் ஒன்றரை.
கடைசியில் கீழே நிற்கிறவனுக்கு வானம் இல்லை."

கெட்டிக்காரனை நாங்கள் எம்டன் என்கிறோம்.
அதுவும் ஒரு கப்பல்தான்.
வந்தது, சுட்டது, எங்கோ போய் எரிந்தது.
யார் சண்டை, எதற்கு, எல்லாம் மறந்து போச்சு.
ஒரு சொல் மட்டும் கரையொதுங்கிக் கிடக்கிறது.
இந்த முறை
சொல்ல ஆள் மிஞ்சுமா என்று
லெட்ஜரின் ஓரத்தில் பென்சிலால் எழுதி
அழித்துவிட்டேன்.

காப்புறுதிக்காரருக்கு முதலில் தெரிந்தது.
செவ்வாய் காலை போர்அபாயக் கட்டணம் மூன்று மடங்கு,
பின்னேரம் ஏழு.
புதன் இரவு,
ஆடு கூட மேயாத ஒரு பாறையருகே
ஒரு படகு இன்னொரு படகை இடித்தது.
யார் முதலில் என்பதற்கு
இரண்டு காணொளிகள், இரண்டும் தெளிவானவை.

வியாழன் விடியமுன் ஆறும் ஒன்பதும் வெளிக்கிட்டன,
விளக்கை அணைத்துக்கொண்டு, ஒரே வாசலால்.
துறைமுக விதிப்படி
ஒன்று மற்றதற்கு வழிவிட்டதாம்.
சஹீட் கண்டவன். சத்தியம் பண்ணினான்.

ஏழு மணிக்கு வாசலில் எங்கள் லொறிகள்.
இருபத்தாறாயிரம் முட்டை, எடுக்க ஆளில்லை,
பெறுநர் ஒப்பமிடும் கட்டம் வெறுமை.
மத்தியானத்துக்குள் அரை விலை,
பின்னேரம் கால் விலை.
அன்றிரவு கொச்சிக்கடை முழுவதும் முட்டைக் கொத்து.

நானும் போனேன். பசித்தது, என்ன செய்ய.
தகட்டில் தகரம் அடிக்கும் சத்தத்துக்கு மேலால்
தொலைக்காட்சியில் ஒருத்தி
ஒரு நகரத்தின் பெயரை
இறந்தகாலத்தில் வாசித்தாள்.
யாரோ சத்தத்தைக் கூட்டச் சொன்னார்கள்,
யாரோ குறைக்கச் சொன்னார்கள்.

எத்தனை முட்டை என்றான் கடைப்பையன்.
எனக்கு எண் வாயில் வரவில்லை.
அவன் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான்:
"பக்கத்து மேசைக்கு நாலு.
உங்களுக்கு அஞ்சு போடவா?"