மரை

சாக்கெட் சுற்றுகிறது, போல்ட் சுற்றவில்லை.
ஆறு மூலையும் தேய்ந்த தலையை
என் பன்னிரண்டாம் நம்பர் சாக்கெட்
சுற்றிச் சுற்றி வருகிறது,
கடன் வசூலிக்க வந்தவன்
பூட்டிய வீட்டைச் சுற்றுவதுபோல.

சாட்ஸ்வொர்த், யூனிட் ஏழு. ஜூலை ஞாயிறு.
பானெட்டைத் திறந்துகொண்டு நிற்கிறது என் பக்கி.
பக்கி என்றால் இங்கே சின்ன லாரி.
உங்கள் ஊரில் அது வசவாம்.
இன்றைக்கு இரண்டும் பொருந்தும்.

தெர்மோஸ்டாட் மூடிக்கு இரண்டே போல்ட்.
ஒன்று நல்ல பிள்ளையாக வந்துவிட்டது.
மற்றது, டர்பன் கடற்காற்றை
இருபத்தாறு வருஷம் குடித்தது.
அலுமினியம் வெள்ளை வெள்ளையாகப் பூத்து
அதன் கழுத்தைக் கவ்வியிருக்கிறது.

மதிலுக்கு மேலே கிஸ்டன்சாமியின் தலை.
"தேவகி, உனக்கு மரை கிரை கழண்டுபோச்சா?
ஒர்க்‌ஷாப்பில் விடும்மா."
விட்டுக் கேட்டாயிற்று.
ஹெட்டையே இறக்கணுமாம்,
மூவாயிரத்து இருநூறு ராண்ட்.
"கழண்டால்தான் தேவலையே அண்ணே,
கழல மாட்டேன் என்கிறதே, அதுதான் வழக்கு."

வைஸ்கிரிப்பை மாட்டி மூச்சைப் பிடித்தேன்.
டக்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.
போன வியாழக்கிழமை, மூன்றாம் தியேட்டர்.
ஒரு கரும்பு லாரி டிரைவரின் தொடையெலும்பில்
ஒன்பது வருஷம் ஊறிய ஸ்குரூ
இதே குரலில்தான் தலை முறிந்தது.
டாக்டர் சிபியா திட்டவில்லை.
கையை எடுத்தார். ரேடியோவைக் குறைக்கச் சொன்னார்.
"முதலில் இறுக்கு, ஒரு மயிரிழை.
அசையலாம் என்று அதற்குத் தெரியட்டும்."
என்னிடம் சொன்னதல்ல, எலும்பிடம் சொன்னது.
நான் கருவி நீட்டுகிறவள்,
காதில் விழுந்தது.

மூடியைத் தட்டி எடுத்தேன்.
சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு குச்சி,
துருவேறி, தலையில்லாமல்.
டிரில் மெஷினைக் கையில் எடுத்தபோது
ஆறு மணி.
அட்டவணை தவறாத ஒரே சங்கதி இந்த ஊரில்:
கரண்ட் போனது.
தெரு முழுக்க டிவிகள் வாயடைத்தன.
எட்டரை வரைக்கும் எனக்கு மிஞ்சியது
கேஸ் டார்ச், ஒரு மெழுகுவத்தி.

கார்புரேட்டருக்கு ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டு
குச்சியைச் சுட்டேன், சிவக்கச் சிவக்க.
பிறகு மெழுகுவத்தியை ஊதி அணைத்து
அதன் அடியை அங்கே அழுத்தினேன்.
பார்க்க வைத்திருந்ததைத்தான் ஊட்டவும் வேண்டும்;
ஊட்டுகிற நேரம் கும்மிருட்டு.
பீடிக் கங்கு மாதிரி அது மட்டும் கனன்றது.
புகைந்து, சீறி,
எண்ணெய் இரண்டு நாளாக நுழையாத இடுக்கில்
மெழுகு சொல்லாமல் கொள்ளாமல் இறங்கியது.

மூன்று முறை சுட்டேன், மூன்று முறை ஊட்டினேன்.
நாலாவது முறை வைஸ்கிரிப்.
முதலில் வலப்பக்கம், மயிரிழை.
ஒன்றுமில்லை.
இன்னொரு மயிரிழை.
கீச் என்றது.
யாரும் கேட்கவில்லையே என்று திரும்பிப் பார்த்தேன்,
எதற்கு என்று தெரியவில்லை.
இடப்பக்கம் அரைக்கால். திரும்ப வலம்.
இடம், கால் சுற்று.
மதிலிலிருந்து ஒரு செல்போன் வெளிச்சம்
பேசாமல் என் கைமேல் விழுந்தது.

வந்தது.
பல்லிடுக்கில் அலுமினியத் தூளோடு,
பாதி மரையைத் துளைக்குள் தின்றுவிட்டு.
நாளைக்கு அந்தத் துளைக்குப் புது மரை வெட்டணும்,
இல்லாவிட்டால் சுருள் வைத்துக் கட்டணும்.
அது நாளைக்கு.
லாரி டிரைவர் மயக்கம் தெளிந்ததும்
காலைக் கேட்கவில்லை, ஸ்குரூவைத்தான் கேட்டான்.
ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தோம்.
குலுக்கிப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனான்.

தியேட்டரில் காயத்தை மூடுமுன் எண்ணுவோம்,
வாய்விட்டு, இரண்டு பேராக.
பழக்கதோஷம், எண்ணினேன்.
போல்ட் இரண்டு. தனித் தலை ஒன்று.
ஸ்பேனர் மூன்று. வைஸ்கிரிப் ஒன்று.
பன்னிரண்டாம் நம்பர் சாக்கெட்...

"அண்ணே, அந்த லைட்டை
கொஞ்சம் கீழே காட்டுங்க"
என்று வண்டிக்கு அடியில் படுத்தேன்.