பொதுச் சுவர்

சாவி என்னிடம் இருக்கிறது.
கும்பகோணம், மேட்டுத் தெரு, கதவு எண் இருபத்தேழு.
அகலம் பதினெட்டு அடி, நீளம் நூற்று அறுபத்து நாலு.
இந்தத் தெருவில் எல்லா வீடும் ரயில் பெட்டி,
தோள் இடித்து நிற்கும், நடுவே எறும்புக்கும் சந்து கிடையாது.

ஒன்று எண்பது சொல்கிறார் நிரஞ்சன்.
ஒன்று அறுபதுக்கு இறங்குவார் என்பது
எனக்கும் அவர் மனைவிக்கும் தெரியும்.

பதினோரு வாரிசுகளிடம் வாங்கினார்.
கடைசிக் கையெழுத்து மெல்போர்னிலிருந்து வருவதற்குள்
ஓட்டில் முளைத்த அரசு ஆளுயரம் போய்விட்டது.
பிறகு இரண்டு வருட வேலை.
ஏழு பூச்சுச் சுண்ணாம்பைச் சுரண்டினார்கள்.
எட்டாவதாக ஒரு நீலம்.
வடக்குச் சுவரில், உள்ளங்கை அகலத்துக்கு
அதை அப்படியே விட்டுக் கண்ணாடிச் சட்டம் போட்டிருக்கிறார்.
பார்க்க வருகிறவர்கள் சாமிப் படமென்று
கையைத் தூக்கி, பாதியில் இறக்குகிறார்கள்.

நெல் அறை குளியலறை ஆயிற்று.
மழை பெய்தால் இன்னும் தவிட்டு வாசனை வரும்.
ஆள் வருகிற அன்று ஊதுபத்தி இரண்டு, என் செலவு.

நான் சொல்வது:
பர்மா தேக்கு, பதினாறு தூண்,
வில்லங்கம் பார்த்தாயிற்று, காவிரி நடக்கிற தூரம்.
சொல்லாதது:
காவிரியில் தண்ணீர் நடக்கிற மாதங்கள்.
கிணற்றடியில் கிடந்த பாம்புச் சட்டை.
அப்புறம் இந்த வடக்குச் சுவர், இது பொதுச் சுவர்.
பத்திரத்தில் இருக்கிறது, ஒன்பதாம் பக்கம்.
அங்கே ஆணி அடித்தால் இங்கே சுண்ணாம்பு உதிரும்.

பத்து மணி ஆளுக்கும் நாலு மணி ஆளுக்கும் நடுவே
எனக்குப் போக இடமில்லை.
வாடகை அறை தாராசுரத்தில், தகரக் கூரை.
பஸ் இலவசம்தான், வெயிலும்.
அதனால் டிபன் டப்பாவை இங்கே திறப்பேன்.
எலுமிச்சைச் சாதம். பிறகு சிவப்புத் தரையில்
முந்தானையை விரித்துப் படுப்பேன்.
ஒரு கோடி எண்பது லட்சத்தில் தூங்குகிறவள்
இப்போதைக்கு நான் ஒருத்திதான்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவன் படிக்கிறான்.
குரூப் ஃபோர். வாய்விட்டுப் படிக்கிற ரகம்,
கேள்வியும் அவனே, பதிலும் அவனே.
மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம்? நூற்றிருபது அடி.
மாவட்டங்கள் எத்தனை? முப்பத்தெட்டு.
ஒரு நாள், கொள்ளிடம் பிரியும் இடம்?
கல்லணை, என்றான்.
மறுபடியும் கல்லணை.
மூன்றாம் முறை எனக்குத் தாங்கவில்லை.
எட்டு வயதில், கொள்ளிடத்து வெள்ளத்தில்,
ஆட்டுக்குட்டியோடு கூரைமேல் இரண்டு ராத்திரி இருந்தவள் நான்.
'முக்கொம்பு!' என்று கத்திவிட்டேன்.

நாற்காலி நகர்ந்தது.
கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும்.
பிறகு, சுவரைப் பார்த்துக் கேட்கிற குரலில்,
'நெல்லின் அறிவியல் பெயர்?'

தெரியாது என்றேன். சொல்லிக் கொடுத்தான்.
முகம் பார்த்ததில்லை. கூரியர்காரர் கூப்பிட்டதில்
பெயர் கவியரசன் என்று தெரியும்.
தினமும் முதல் கேள்வி மட்டும் மாறாது,
கதவு தட்டுகிற மாதிரி:
கொள்ளிடம் பிரியும் இடம்?

ஆடி போய் ஆவணியும் போனது.
திருச்சி டாக்டரிடம் பாம்புச் சட்டையைப் பற்றி
நானாகவே சொன்னேன்.
புதுச்சேரி ஓட்டல்காரரிடம்
கார் நிறுத்த இடமில்லை என்று இரண்டு தடவை.
ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.
கமிஷன் இரண்டு பர்சென்ட், மூன்று லட்சத்துக்கு மேல்,
என் மகளின் கல்லூரிக் கட்டணம் அதில் முழுதாக அடங்கும்.

இன்று வந்திருப்பவர்கள் வாங்கிவிடுவார்கள்.
பார்த்தாலே தெரியும். அந்த அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுத்
தரையின் குளிர்ச்சியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்.
அவர் தூண்களை விட்டுவிட்டு
பிளக் பாயிண்டுகளை எண்ணினார்.
மணி ஒன்றே கால்.

'பக்கத்து வீட்டுச் சத்தம் வருமா?'
'பழைய சுவர் அம்மா, ஒன்றரை அடி கனம்,' என்றேன்.

அப்போது
நீலத்துக்குப் பின்னாலிருந்து கேட்டான்.
மூன்று பேரும் சுவரைப் பார்த்தோம்.

கொஞ்சம் பொறுத்து
இன்னொரு தடவை கேட்டான்.