எடைக்கல்

தல்காவானோ துறைமுகத்தில்
மூடிப்போன இணைய மையத்தின் பின்கட்டில்
பதினான்கு கணினிகளை உரித்துக்கொண்டிருந்தார் நோல்பெர்த்தோ.
பவர் சப்ளை பெட்டிகள் மட்டும் தனியே, சுவரோரம்.
"ஒன்றுக்கு ஒரு மெர்லூசா, பிரிசிலா."
இரண்டு மீன் கொடுத்தாள், இரண்டு பெட்டி எடுத்தாள்.
ஒன்று ஓடும். ஒன்று செத்தது.
செத்ததற்கும் மீனா என்று கேட்கவில்லை.
விற்கிற மீனும் செத்ததுதானே.

பச்சை வயரைக் கறுப்போடு
ஒரு காகிதக் கிளிப்பால் சேர்த்ததும்
விசிறி இருமியது, பிறகு சுழன்றது.
மதர்போர்டு அழைத்தால்தான் விழிக்கிற பெட்டியை
இப்படி ஏமாற்றி எழுப்பலாம்.

பெயின்ட் வாளியில் தண்ணீர், கைப்பிடி சலவைச் சோடா.
மஞ்சள் வயரில் கட்டுமானக் கம்பித் துண்டு,
கறுப்பு வயரில் அவளுடைய ஒரு கிலோ எடைக்கல்.
பதினோரு வருடக் கடற்காற்று
அதன்மேல் தோல் தோலாய் உரிந்திருந்தது.
வாங்க வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள்,
அதனால்தான். வேறு நோக்கம் இல்லை.

ராத்திரி முழுக்கக் குமிழிகள்.
ஜன்னலைத் திறந்து வை என்றிருந்தார் நோல்பெர்த்தோ;
திறந்தாள், மூடுபனி உள்ளே வந்து உட்கார்ந்தது.
பன்னிரண்டு வோல்ட்.
முன்பு இதே பன்னிரண்டில்தான்
பள்ளி விட்ட பையன்கள் பாதாளக் கோட்டைகளைப் பிடித்தார்கள்,
யாரோ ஒருத்தி சுரங்கத்துக்குப் போன புருஷனுக்கு
அழாமல் கடிதம் தட்டினாள்.

விடிந்தபோது வாளியில் செங்கல் கரைத்த தண்ணீர்.
கல்லை எடுத்து பிரஷ் போட்டாள்.
முதலில் எண் வந்தது: 1.
பிறகு வார்ப்படக்காரன் பெயரில் பாதி.
கவிழ்த்தாள்.
அடியில், ஈயம் இருக்க வேண்டிய குழியில்
மெழுகுவர்த்தி மெழுகு.

மருந்துக்கடைத் தராசு சொன்னது:
தொள்ளாயிரத்து நாற்பத்தேழு.
துரு தின்றது பத்து கிராம் இருக்கட்டும்.
மீதி?

கடையையும் கல்லையும் அவளுக்கு விற்றுவிட்டு
வடக்கே போன மனிதரை
ஊரே நல்லவர் என்றது. அவளும்.
ஒரு நாளைக்கு எத்தனை கிலோ,
பதினோரு வருடத்துக்கு எத்தனை நாள்
என்று கணக்குப் போட ஆரம்பித்து
பென்சிலைக் கீழே வைத்தாள்.

செத்த பெட்டியைத் திறந்தாள்,
இரண்டு நாள் சும்மா கிடக்கவிட்டு.
உள்ளே இருக்கிற கெப்பாசிட்டர்கள் செத்த பிறகும் கடிக்கும்.
சுருளைப் பிரித்துச் செம்புக் கம்பி,
பலகையின் முதுகிலிருந்து சொட்டுச் சொட்டாய் ஈயப் பற்று.
மத்தி டப்பாவில் உருக்கி
குழியில் ஊற்றினாள், அரத்தால் ராவினாள், மருந்துக்கடை.
திரும்ப ஊற்றினாள், திரும்ப மருந்துக்கடை.
நான்காம் முறை ஓர்டென்சியா
தராசுக்கு வாடகை கேட்பதுபோல் பார்த்தாள்.
ஆயிரம்.

வெள்ளிக்கிழமை முதல் ஆள் பள்ளிக்கூடச் சமையல்காரர்.
மீன் வைத்தாள். தட்டு இறங்கவில்லை.
இன்னொரு துண்டு வைத்தாள்.
"விலை ஏறிவிட்டதா?" என்றார், வழக்கம்போல.
இல்லை என்றாள்.

பின்னால் விசிறி ஓடிக்கொண்டிருந்தது.
வாளியில் அரைக் கிலோ கல்.
அதைக் கவிழ்த்துப் பார்க்க
அவளுக்கு இன்னும் மனம் வரவில்லை.